கால்சியம் இல்லாத தண்ணீர்

ஆய்வு மாணவியாகச் சேர்ந்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை தண்ணீர் காய்ச்சுவது. 1983, மெட்ராஸ் தண்ணீர்ப் பஞ்சத்தில் தவித்த ஆண்டு. குழாயைத் திருகினால் காற்று சீறும். லாரி வந்தால் மெட்ரோ தண்ணீர், வராவிட்டால் வளாகத்துப் போர் தண்ணீர். அதை வடிகலனில் ஊற்றிக் காய்ச்சினால் சில நாளிலேயே ஹீட்டர் சுருளில் வெள்ளையாகச் செதில் கட்டிவிடும். அமிலம் விட்டால் நுரைத்துக் கரையும். தாமிரபரணி குடித்து வளர்ந்த எனக்கு அந்தச் செதிலே புதுசு.

அந்தச் செதில், கால்சியம் கார்பனேட். எங்கள் ஆய்வும் கால்சியத்தைப் பற்றியதுதான். எலியின் கல்லீரல் செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வில் எவ்வளவு கால்சியம் ஒட்டுகிறது, அதே கல்லீரல் செல் புற்றாக மாறினால் அந்தக் கணக்கு எப்படி மாறுகிறது என்று அளக்கவேண்டும். அளக்கவேண்டிய பொருளோ தண்ணீரில், கண்ணாடியில், தூசியில், விரல் நுனியில் என்று எங்கும் இருந்தது. கண்ணாடிக் குடுவைகளைக் குரோமிக் அமிலத்தில் ஊறவைத்து, கால்சியத்தைக் கவ்விக்கொள்ளும் ஈடிடிஏ கரைசலில் அலசி, இருமுறை வடித்த நீரில் மறுபடி மறுபடி கழுவுவோம். அப்படியும் கண்ணாடியிலிருந்தே கால்சியம் கசியும் என்பதால் கடைசிக் கட்டங்களுக்கு பிளாஸ்டிக் குழாய்தான். தூக்கிப்போட வேண்டிய அந்தக் குழாய்களைக் கழுவிக் கழுவி மங்கும்வரை வைத்திருப்போம். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டுக் காலம் அது.

புதிதாக வருகிற எல்லாரிடமும் எங்கள் பேராசிரியர் சிட்னி ரிங்கரின் கதையைச் சொல்வார். லண்டனில் மருத்துவராக இருந்தவர் ரிங்கர். தவளையின் இதயத்தை வெளியே எடுத்து, உப்புக் கரைசலில் துடிக்கவைத்து, எந்த உப்பு எதற்குத் தேவை என்று சோதித்துக்கொண்டிருந்தார். 1882-ல் எழுதிய கட்டுரையில் கால்சியத்துக்குப் பெரிய இடமில்லை. மறு ஆண்டு அவரே அதைத் திருத்தி எழுதினார். வடித்த நீரில் செய்ததாக அவர் நினைத்திருந்த கரைசலை, உதவியாளர் நியூ ரிவர் வாட்டர் கம்பெனியின் குழாய்த் தண்ணீரில் செய்திருந்தார். அந்தத் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் இதயத்தை ஓட்டியிருக்கிறது. உண்மையான வடிநீரில் செய்து பார்த்தபோது துடிப்பு தளர்ந்து நின்றுபோயிற்று. "நூறு வருஷத்துக்கு முன்னாடி அந்தாளு பாத்திரம் கழுவியிருந்தா கால்சியமே தெரிஞ்சிருக்காதும்மா. நீங்க கழுவலைன்னா நமக்கு ஒண்ணுமே தெரியாது" என்பார் சார். இந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதிதான் எங்களுக்கு உத்தரவு.

கால்சியத்தையும் புற்றையும் சேர்த்து யோசிக்கும் பழக்கம் சாருடைய காலத்துக்கு முன்பே தொடங்கியிருந்தது. 1900 வாக்கில் குர்ட் ஹெர்ப்ஸ்ட், கடல் முள்ளெலிக் கருக்களைக் கால்சியம் இல்லாத கடல்நீரில் விட்டால் அவை தனித்தனிச் செல்களாக உதிர்வதைக் கண்டார். 1944-ல் பென்சில்வேனியாவின் டேல் ரெக்ஸ் கோமன், ஒட்டியிருக்கும் இரண்டு செல்களை நுண்ணிய கண்ணாடி ஊசிகளால் பிடித்து இழுத்து, பிரிக்க எவ்வளவு விசை வேண்டும் என்று ஊசியின் வளைவைக் கொண்டு அளந்தார். தட்டைச் செல் புற்றிலிருந்து எடுத்த செல்கள் சாதாரணச் செல்களைவிட மிக எளிதாகப் பிரிந்தன. புற்றுத் திசுக்களில் கால்சியம் குறைவு என்ற தகவலும் அந்தக் காலத்திலேயே இருந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டு, புற்றுச் செல் கூட்டத்தைவிட்டுக் கழன்று ஊரெல்லாம் பரவக் காரணம், அதன் மேற்பரப்பு கால்சியத்தைப் பிடித்துவைக்க முடியாததுதானோ என்று கேட்டார்கள்.

கேட்டதும் பிடித்துப்போகிற கேள்வி அது. செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் செங்கல்லுக்கு நடுவே சுண்ணாம்புக் காரை இருக்கிற மாதிரி, செல்லுக்கு நடுவே கால்சியம். காரை உதிர்ந்தால் செங்கல் கழலும். என்னைப்போல எத்தனையோ மாணவர்களை இந்தத் துறைக்குள் இழுத்ததும் இப்படியொரு படம்தான் என்று நினைக்கிறேன். அது எவ்வளவு தவறான படம் என்று தெரிய எங்களுக்கு வெகுகாலம் ஆயிற்று.

ஆனாலும் அந்தப் படத்தை நம்பவைக்கிற காட்சி ஒன்று எங்கள் கூடத்திலேயே அடிக்கடி நடக்கும். எலியின் கல்லீரலைச் செல் செல்லாகப் பிரிப்பது. 1969-ல் பெர்ரியும் ஃப்ரெண்டும் வழிகாட்டி, பிறகு நார்வேயின் செக்லென் 1976-ல் துல்லியமாக எழுதிவைத்த முறை. ஈதர் கொடுத்து மயக்கிய எலியின் வயிற்றைத் திறந்தால் கல்லீரல் கருஞ்சிவப்பாகப் பளபளக்கும். கால் கிலோ எலிக்குச் சுமார் 10 கிராம் கல்லீரல். போர்ட்டல் நாளத்தில் கான்யுலா என்ற மெல்லிய குழாயைச் செருகி நூலால் கட்டி, பம்பைப் போட்டு, இதயத்துக்குப் போகும் பெரிய நாளத்தை வெட்டிவிடவேண்டும். கான்யுலாவை அவசரமில்லாமல், ஆனால் நிமிஷம் வீணாக்காமல் செருகுவது ஒரு கைப்பழக்கம். அந்தப் பழக்கம் வந்தவர்களிடம்தான் கூடம் முழுக்கக் கெஞ்சிக்கொண்டு நிற்கும்.

முதலில் உள்ளே போவது 37 டிகிரியில், ஆக்ஸிஜன் குமிழியோடு, கால்சியம் துளியும் இல்லாத பஃபர். ரத்தம் வெளியேற வெளியேறக் கல்லீரல் மடல் மடலாக வெளிறும். ஒரு மடல் மட்டும் சிவப்பாகவே நின்றால் உள்ளே காற்றுக் குமிழி அடைத்திருக்கிறது என்று அர்த்தம். விரலால் லேசாக நீவிவிட்டால் சில சமயம் சரியாகும். இந்தக் கட்டத்தில் வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் நடப்பதாகத் தெரியாது. கல்லீரல் அதே வடிவத்தில்தான் இருக்கும். உள்ளேயோ, பக்கத்துப் பக்கத்துச் செல்களைத் தைத்துவைத்திருக்கும் டெஸ்மோசோம் என்ற பிணைப்புகள் கால்சியம் போனதும் இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும்.

பிறகு, செல்களைத் தாங்கும் நார்களை வெட்டும் கொலாஜனேஸ் நொதி கலந்த பஃபர். இதில் கால்சியத்தை வேண்டுமென்றே சேர்ப்போம், ஏனென்றால் பாக்டீரியாவிலிருந்து எடுத்த அந்த நொதி கால்சியம் இல்லாமல் வேலை செய்யாது. முதலில் எடுக்கவேண்டும், பிறகு கொடுக்கவேண்டும். வரிசை மாறினால் கட்டி கட்டியாகத்தான் வரும். செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலான பிணைப்பு வேறு, செல்களைத் தாங்கும் நார்ச்சட்டம் வேறு என்பதைப் பாடப்புத்தகம் படித்து நான் புரிந்துகொள்ளவில்லை. இந்த இரண்டு பாட்டில்களைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். சில நிமிஷங்களில் கல்லீரல் ஊறிய மாதிரி தளர்ந்து, அழுத்தினால் குழி விழும். வெட்டியெடுத்துத் தட்டில் வைத்து, மேல்உறையைச் சிமிட்டாவால் கிழித்து லேசாக உதறினால் செல்கள் பழுப்புக் கலங்கலாக இறங்கும். நுண்நோக்கியில் ஒவ்வொன்றும் உருண்டையாக, நாலில் ஒன்றில் இரண்டிரண்டு உட்கருவோடு, மினுமினுவென்று. டிரிப்பான் நீலத்தை உள்ளே விடாத செல் உயிரோடிருக்கிறது என்று கணக்கு. நீலமாகிவிட்டவை அதிகமிருந்தால் அன்றைய வேலை அவ்வளவுதான்.

மறுபக்கம் புற்றுச் செல். எங்களிடம் இருந்தது சஜ்தேலா ஹெபடோமா. பிரான்சில் உருவாக்கி, இந்திய ஆய்வுக்கூடங்கள் சிலவற்றிலும் வளர்க்கப்பட்ட எலிக் கல்லீரல் புற்று. அதன் ஆதி ஒரு சாயம். ஒரு காலத்தில் வெண்ணெய்க்கு மஞ்சள் நிறம் கொடுக்கப் பயன்பட்ட அஸோ சாயம். அந்தச் சாயக் குடும்பத்தை எலிகளுக்குத் தீனியோடு கொடுத்தால் கல்லீரலில் புற்று வரும் என்று 1930களில் ஜப்பானில் சசாகியும் யோஷிதாவும், பிறகு கினோஷிதாவும் காட்டியிருந்தார்கள். அப்படி வந்த கட்டிகளில் சில, எலியின் வயிற்றறைக்குள் நீரில் மிதந்தபடியே வளரப் பழகிக்கொண்டன. ஒரு எலியிலிருந்து சிறிது எடுத்து அடுத்த எலிக்கு ஊசியில் ஏற்றினால் சில நாளில் அதற்கும் வயிறு உப்பிவிடும்.

அனிமல் ஹவுஸில் இதைப் பார்த்துக்கொண்ட அண்ணன் பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர். எந்த எலிக்கு எப்போது ஊசி போட்டோம், எந்த எலி இனி தாங்காது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். எங்கள் நோட்டுப் புத்தகத்தைவிட அவர் சொல்தான் செல்லும். "இன்னிக்கே எடுத்துருங்கம்மா, நாளைக்கு ரத்தமாப் போயிரும்" என்பார். சரியாகத்தான் இருக்கும். அவர் எலியைப் பிடித்துக்கொள்ள, நான் சிரிஞ்சில் இழுத்தால் வெண்மையான கலங்கல் நீர் வரும். அதுதான் புற்று. ஒரு மில்லிலிட்டரில் கோடிக்கணக்கான செல்கள், தனித்தனியாகவும் சின்னச் சின்னக் கொத்தாகவும். பம்பு வேண்டாம், கொலாஜனேஸ் வேண்டாம், கால்சியத்தை எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். "இது கட்டியில்லம்மா, தண்ணி" என்று அவர் சொன்னதை நான் கருத்தரங்கு ஒன்றில் சொல்லிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை.

ஒரே உறுப்பிலிருந்து வந்த இரண்டு வகைச் செல். ஒன்றைப் பிரிக்க ஒரு காலைப்பொழுது, இன்னொன்று தானே பிரிந்து வருகிறது. காரைக் கதையை நம்பாமல் என்ன செய்வது?

சவ்வைத் தனியே எடுக்கும் வேலைதான் நிஜமான சோதனை. 1960-ல் நெவில் காட்டிய வழி: கல்லீரலை மிக நீர்த்த சோடியம் பைகார்பனேட்டில் மெதுவாக அரைத்து, சர்க்கரைக் கரைசலின் அடுக்குகள் மேல் ஏற்றி, வேகமாகச் சுழற்றினால் சவ்வு ஒரு குறிப்பிட்ட அடுக்கின் எல்லையில் வெள்ளைப் படலமாக வந்து நிற்கும். நேர்த்தியான முறை. ஆனால் அரைக்கும்போது உட்கருக்கள் உடைந்தால் டிஎன்ஏ வெளியே வந்து எல்லாம் கொழகொழவென்றாகிவிடும். அதைத் தடுக்க 1970-ல் ரே என்பவர் ஒரு திருத்தம் செய்தார்: பைகார்பனேட்டில் கொஞ்சம் கால்சியம் குளோரைடு சேர்ப்பது. நாங்களும் அதைத்தான் செய்தோம். மாதக்கணக்கில் பாத்திரம் கழுவி விரட்டிய கால்சியத்தை நாங்களே கரண்டியால் போட்டோம். பிறகு அதை, கால்சியத்தைக் கவ்வும் ஈஜிடிஏ கொண்டு சவ்விலிருந்து கழற்றி, ஈஜிடிஏயையும் கழுவி வெளியேற்றி, அதன் பிறகு அளக்கவேண்டும். கழற்றும்போது கால்சியத்தோடு சேர்ந்து எந்தப் புரதம் கழன்று போயிற்று என்று யாருக்குத் தெரியும்? கால்சியத்தால் சவ்வோடு பிணைந்திருக்கும் புரதங்கள் இருக்கின்றன. கால்சியத்தை எடுத்தால் அவை மிதந்து போய்விடும். பின்னாளில் அனெக்ஸின் என்று பெயர் பெற்ற குடும்பமே அப்படிப்பட்டது.

கோல்ட் ரூமில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அரைப்போம். வெளியே கத்திரி வெயில். சுழற்றும்போது மின்சாரம் போனால் அடுக்குகள் கலங்கிவிடும். ஜெனரேட்டர் மின்விளக்குக்கு மட்டும்தான். இரவு பத்து மணிக்கு மேல் மின்சாரம் நிலையாக இருக்கும் என்று நம்பி இரவில் ஓட்டுவோம். விடுதியில் அதற்குக் கடிதம் கொடுக்கவேண்டும், பெண் பிள்ளை என்றால் இரண்டு கடிதம்.

எடுத்தது சவ்வுதானா என்பதற்குச் சாட்சி நொதிகள். 5'-நியூக்ளியோடைடேஸ் செல்லின் வெளிச்சவ்வில் இருப்பது. அது செறிந்திருந்தால் சவ்வு கிடைத்திருக்கிறது. குளுக்கோஸ்-6-பாஸ்படேஸ் இருந்தால் உள்வலைச் சவ்வு கலந்திருக்கிறது. சாதாரணக் கல்லீரலுக்கு இந்தச் சாட்சிகள் நம்பகமானவை. ஹெபடோமாவில் இந்த நொதிகளின் அளவே மாறிப்போயிருக்கும். சாட்சியே மாறிவிட்டால் தூய்மையை எதை வைத்து ஒப்பிடுவது? ஆம்ஸ்டர்டாமில் எமலோட்டும் அவருடைய குழுவும் 1960களிலேயே எலிக் கல்லீரல் சவ்வையும் ஹெபடோமாச் சவ்வையும் அருகருகே வைத்து ஆராய்ந்தவர்கள். அவர்களுடைய கட்டுரைகளைப் படிக்கும்போது முடிவுகளைவிட அவர்கள் போட்ட நிபந்தனைகள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தன.

இன்னொன்றும் உண்டு. கல்லீரல் செல்லுக்கு ஒரே முகமில்லை. ரத்தத்தைப் பார்த்த பக்கம் ஒன்று, பக்கத்துச் செல்லைப் பார்த்த பக்கம் ஒன்று, பித்தம் வடியும் நுண்கால்வாயைப் பார்த்த பக்கம் ஒன்று. சர்க்கரை அடுக்கில் நமக்குக் கிடைக்கும் படலத்தில் பக்கத்துச் செல்லோடு பிணைந்த இடங்கள், டெஸ்மோசோம் உட்பட, அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். வயிற்று நீரில் மிதக்கும் ஹெபடோமாச் செல்லுக்குப் பித்தக் கால்வாயும் இல்லை, அண்டை வீடும் இல்லை. இரண்டையும் சவ்வு என்ற ஒரே பெயரால் அழைத்து ஒப்பிடுகிறோம்.

அளப்பதற்குக் கால்சியம்-45. மும்பை டிராம்பேயிலிருந்து ஈயக் கவசத்துக்குள் வரும். அரை ஆயுள் 163 நாள். தீபாவளிக்கு வந்த புட்டி சித்திரையில் பாதிதான். உடம்புக்குள் போனால் எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும் பொருள் என்பதால் வாயால் பிப்பெட் உறிஞ்சுவது இந்த மேசையில் மட்டும் கண்டிப்பாகத் தடை. மற்ற மேசைகளில் எல்லாரும் வாயால்தான் உறிஞ்சினோம். சவ்வோடு கால்சியம்-45 சேர்த்து, வடிதாளில் இழுத்து, டொலுவின் கலவையில் போட்டு எண்ணியில் வைத்தால் இரவெல்லாம் டக் டக்கென்று எண்ணிக்கொண்டிருக்கும். டொலுவின் வாசனை புடவையில் ஏறிக்கொண்டு பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

எண்களை ஸ்கேச்சர்ட் வரைபடத்தில் போடுவோம். ஒரே வகை இடத்தில் கால்சியம் ஒட்டினால் நேர்க்கோடு வரும். எங்களுக்கு வந்ததெல்லாம் வளைகோடு. சாதாரணச் சவ்விலும் வளைகோடு, ஹெபடோமாவிலும் வளைகோடு. 1972-ல் ரோசெஸ்டரின் ஷ்லாட்ஸும் மாரினெட்டியும் எலிக் கல்லீரல் சவ்வைப் பற்றி எழுதியதிலும் இறுக்கமாகப் பிடிக்கும் இடங்கள், தளர்வாகப் பிடிக்கும் இடங்கள் என்று பிரித்திருந்தார்கள். காரணம் புரியாததல்ல. சவ்வின் வெளிப்புறத்தில் சர்க்கரைச் சங்கிலிகளின் நுனியில் சியாலிக் அமிலம், எதிர்மின்னோடு. உட்புறக் கொழுப்பில் பாஸ்படிடைல்செரின், அதுவும் எதிர்மின். நடுவே புரதங்கள். எல்லாமே கால்சியத்தை ஏதோ ஒரு விதத்தில் இழுக்கும். நியூராமினிடேஸ் நொதியால் சியாலிக் அமிலத்தை வெட்டினால் கொஞ்சம் குறையும். லாந்தனம் சேர்த்தால் கால்சியம் இடம் விட்டுக் கிளம்பும். இத்தனை பேர் பிடித்திருப்பதையும் ஒரு கிராஃப் ஷீட்டில் ஒரே கோடாக்கி வைத்திருந்தோம்.

சரி, புற்றில் கூடுதலா குறைவா? இதைத்தான் உறவினர்கள் கல்யாண வீட்டில் கேட்பார்கள், சாரும் கேட்பார். விடை, எதால் வகுக்கிறாய் என்பதைப் பொறுத்தது. ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு இவ்வளவு என்று வகுத்தால் ஒரு படம். ஒரு மைக்ரோமோல் பாஸ்போலிப்பிடுக்கு என்றால் இன்னொன்று. சியாலிக் அமிலத்துக்கு என்றால் மூன்றாவது. ஹெபடோமாச் சவ்வில் கொழுப்பும் புரதமும் சியாலிக் அமிலமும் கலந்திருக்கும் விகிதமே வேறு. அதனால் வகுக்கும் எண்ணைத் தேர்ந்தெடுப்பவன் விடையையும் தேர்ந்தெடுத்துவிடுகிறான். சார் இதை ஒப்புக்கொள்ள மறுக்கவில்லை. "மூணையும் போடும்மா, படிக்கிறவன் முடிவு பண்ணட்டும்" என்றார். நேர்மையான விடைதான், ஆனால் முடிவுரை எழுதுவதற்கு உதவாது.

அந்த வருஷங்களில் துறையின் கண் வேறு பக்கம் திரும்பிவிட்டது. 1983-லேயே பெரிட்ஜும் கூட்டாளிகளும் இனாசிட்டால் டிரிஸ்பாஸ்பேட் என்ற சிறு மூலக்கூறு செல்லின் உட்கிடங்கிலிருந்து கால்சியத்தை விடுவிக்கிறது என்று காட்டினார்கள். 1985-ல் ரோஜர் சியனின் ஃபியூரா-2 சாயம் வந்தது. உயிருள்ள செல்லுக்குள் கால்சியம் ஏறி இறங்குவதை ஒளியாகப் பார்க்கலாம். செல்லுக்கு வெளியே கால்சியம் சுமார் ஒரு மில்லிமோலார், உள்ளே அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அந்தச் சரிவில்தான் செல்லின் செய்திகளெல்லாம் ஓடுகின்றன. வெளியே சவ்வில் ஒட்டிய கால்சியத்தை எண்ணிக்கொண்டிருந்த நாங்கள் ஃபேஷன் போன துணியை உடுத்தியவர்கள் ஆனோம். கட்டுரை அனுப்பினால் ஏன் உள்ளே அளக்கவில்லை என்று திரும்பி வரும். ஃபியூரா வாங்கப் பணமும் இல்லை, பார்க்க மெஷினும் இல்லை.

ஆனால் நூலகத்தில் பழைய இதழ்களைப் புரட்டும் வேலை மட்டும் எனக்கு அலுக்கவில்லை. எங்கள் கோட்டில் சராசரியாகக் கரைந்துபோன விஷயங்கள், பெயரும் முகவரியுமாக அங்கே இருந்தன. கில்பர்ட் ஆஷ்வெல்லும் அனடோல் மோரெலும் செய்தது ஒன்று. செருலோபிளாஸ்மின் என்ற ரத்தப் புரதத்தின் சர்க்கரை நுனியிலிருந்த சியாலிக் அமிலத்தை வெட்டிவிட்டு முயலுக்கு ஏற்றினால், மணிக்கணக்கில் ரத்தத்தில் இருக்கவேண்டியது நிமிஷங்களில் மறைந்து கல்லீரலுக்குள் போய்விடுகிறது. நுனி போனதும் வெளிப்பட்ட காலக்டோஸைக் கல்லீரல் செல்லின் சவ்வில் ஓர் ஏற்பி பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடி கால்சியம் இருந்தால் மட்டும். 1971-ல் எலிக் கல்லீரல் சவ்விலேயே அதைக் காட்டினார்கள்: ஈடிடிஏ போட்டால் விடும், கால்சியம் திருப்பிக் கொடுத்தால் பிடிக்கும். ரசாயனத்தால் புற்றாக மாறிவரும் எலிக் கல்லீரலில் இந்த ஏற்பி குறைந்துபோகிறது என்றும் 1980-ல் எழுதியிருந்தார்கள். சவ்வில் ஒட்டும் மொத்தக் கால்சியத்தில் இதன் பங்கு எவ்வளவு சொற்பமாக இருந்திருக்கும்! எங்கள் எண்ணியில் அது இரைச்சலுக்குள் ஒளிந்திருக்கும். இன்று கல்லீரலை நோக்கி அனுப்பும் ஆர்என்ஏ மருந்துகள் பல, கொலஸ்டிராலுக்கு வந்திருக்கும் இன்கிளிசிரான் உட்பட, இந்த ஏற்பியின் கையில்தான் சர்க்கரையை நீட்டி உள்ளே போகின்றன.

மற்றொன்று மசாதோஷி தாகேய்ச்சியின் கதை. ரிங்கர் கதையின் மறுபதிப்பு என்றே சொல்வேன், சார் கேட்டிருந்தால் ரசித்திருப்பார். கியோட்டோவில் செல்களை டிரிப்சின் என்ற புரதம் வெட்டும் நொதியால் பிரித்து மறுபடி ஒட்டவிட்டுப் பழகியவர், 1970களில் பால்டிமோரில் கார்னகி நிறுவனத்தின் ஆய்வகத்துக்குப் போனார். அங்கே அதே சோதனையில் செல்கள் ஒட்ட மறுத்தன. வேறுபாடு டிரிப்சின் பாட்டிலில் இருந்தது. அங்கே அதில் ஈடிடிஏ கலந்திருந்தார்கள். கால்சியம் இருக்கும்போது டிரிப்சினால் வெட்டமுடியாத ஏதோ ஒரு புரதம், கால்சியம் போனதும் வெட்டுப்பட்டுப் போகிறது. அதுதான் செல்களை ஒட்டவைப்பது என்று பிடித்தார். 1977-ல் கட்டுரை, 1984-ல் அந்தப் புரதத்துக்குக் கெடெரின் என்று பெயர் வைத்தார்கள்.

காரைப் படம் அங்கே உடைந்தது. கால்சியம் இரண்டு செல்லுக்கு நடுவே பசையாக உட்கார்ந்திருக்கவில்லை. கெடெரின் சவ்விலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தண்டு, ஐந்து கணு உள்ளது. ஒவ்வொரு கணுவிடையிலும் மூன்று கால்சியம் அயனிகள் இறுகி அமர்ந்தால்தான் தண்டு விறைத்து நிற்கும். எதிர்ச்செல்லின் தண்டைப் பிடிக்கும். கால்சியம் போனால் தொய்ந்து, நொதிக்கு இரையாகும். டெஸ்மோசோமில் இருப்பதும் இதே குடும்பத்தின் உறவுக்காரர்கள்தான். காலையெல்லாம் நான் பம்பு ஓட்டிச் செய்ததற்கு இப்போது விளக்கம் கிடைத்தது. கல்லீரல் புற்று முதிர்ந்து தன் அடையாளத்தை இழக்க இழக்க ஈ-கெடெரின் பல கட்டிகளில் குறைகிறது. ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. அடையாளம் கெடாத ஆரம்பக் கட்டிகள் பலவற்றில் அது அப்படியே இருக்கும். கோமன் அளந்த தளர்ச்சி உண்மை. பிடிக்கும் கை குறைந்ததால் பிடிபடும் கால்சியம் குறைந்தது. கால்சியம் குறைந்ததால் கை விட்டுப்போனதாக நாங்கள் திருப்பி வாசித்துக்கொண்டிருந்தோம்.

இந்தத் திருப்பி வாசிப்பு இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. புற்றுச் செல்லில் கால்சியம் குறைவாம், அதனால் பவளக் கால்சியம் மாத்திரை சாப்பிடவேண்டுமாம். கல்லீரல் புற்று நோயாளிகள் சிலருக்கு ரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு ஏறிப்போவது மருத்துவர்களுக்குத் தெரிந்த பழைய சிக்கல். அவர்களுக்கு இந்த மாத்திரையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அனுப்புகிறவர்கள் யோசிப்பதில்லை. எங்கள் காலத்தில் கீழாநெல்லி. நான் கல்லீரல் ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னாலே வீட்டில் "கீழாநெல்லி குடுத்துப் பாத்தீங்களா?" என்பார்கள். அதற்காவது ஒரு ஆய்வு இருந்தது. மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ்-பி கிருமியைக் கண்டுபிடித்த புளூம்பெர்க்கோடு சேர்ந்து, 1988-ல் லான்செட் இதழில் எழுதியது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேர் ரத்தத்தில் கிருமியின் மேல்புரதம் மறைந்ததாகவும், வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கே அப்படி ஆனதாகவும் அதில் இருந்தது. ஊரெல்லாம் பேச்சு. பிற இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதைப் பற்றி ஊர் பேசவில்லை.

என் ஆய்வேடு நூலகத்தில் இருக்கிறது, மூன்று வகுத்தல்களோடும். அதை எடுத்துப் படித்தவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை, வருத்தமும் இல்லை. அந்த நாட்களிலிருந்து இன்றும் பயன்படுவது செக்லெனின் இரண்டு பாட்டில்கள்தான். என் அண்ணன் மகள் இப்போது கல்லீரல் புற்றைத் தனித்தனிச் செல்லாகப் பிரித்து ஒவ்வொன்றின் ஆர்என்ஏவையும் படிக்கும் ஆய்வில் இருக்கிறாள். எலியில்லை, அறுவை சிகிச்சையில் எடுத்த மனிதத் துண்டு. கட்டித் துண்டு ஒன்று, பக்கத்து நல்ல கல்லீரல் ஒன்று. போர்ட்டல் நாளம் கிடைக்காது. வெட்டுமுகத்தில் திறந்திருக்கும் சின்ன நாளங்களில் கான்யுலாவைச் செருகுகிறார்கள். முதல் பாட்டிலில் கால்சியம் கிடையாது, ஈஜிடிஏ உண்டு. இரண்டாவதில் கொலாஜனேஸும் கால்சியமும்.

"அத்தை, நல்ல கல்லீரல் அழகா பிரிஞ்சிடுது. டியூமர்தான் பிரியவே மாட்டேங்குது. நீங்க சொன்னதுக்கு நேர் எதிரா இருக்கே?" என்று போனில் கேட்டாள்.

வயிற்று நீரில் மிதந்த என் எலிப் புற்றையும், ஹெபடைடிஸோ குடியோ வருஷக்கணக்கில் தழும்பாக்கிவைத்த ஈரலில் முளைத்த மனிதப் புற்றையும் ஒரே தராசில் வைக்கமுடியாது. அந்தத் துண்டைப் பிடித்துவைத்திருப்பது செல்லும் செல்லும் கோத்த கையல்ல, சுற்றியிருக்கும் கொலாஜன் தழும்பு. முதல் பாட்டிலை எவ்வளவு நேரம் ஓட்டினாலும் அது அசையாது. இரண்டாவதில் நேரத்தைக் கூட்டு, கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள், கொலாஜனேஸ் புது லாட் வந்தால் முதலில் ஒரு எலியில் சோதித்துப் பார், லாட்டுக்கு லாட் அதன் வீரியம் மாறும் என்றேன். எந்தத் தண்ணீரில் பஃபர் செய்கிறாள் என்றும் கேட்டேன். மெஷினில் வரும் தண்ணீர், அதெல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்றாள். ஃபில்டர் கடைசியாக எப்போது மாற்றியது என்று பார்த்துவிட்டுக் கூப்பிடச் சொன்னேன்.